அவனுக்காக வைத்திருந்த தண்ணீர்

காலை பத்து இருபது. எங்கள் சபைக் கூடத்தின் சுவர்க் கடிகாரம் ஞானஸ்நானத் தொட்டிக்கு நேர் எதிரே, வாசலுக்கு மேலே மாட்டியிருக்கிறது. தொட்டிக்குள் நிற்பவரும் தொட்டியோரம் நிற்பவரும் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. அந்த நேரத்தில் என் மகன் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். பாஸ்டர் அவன் தோளில் ஒரு கையை வைத்து, "இயேசு கிறிஸ்துவை உன் சொந்த இரட்சகராக விசுவாசிக்கிறாயா?" என்று கேட்டார். நான் மைக்கை அவன் வாயருகே நீட்டினேன்.

"தெரியல பாஸ்டர்" என்றான்.

பாஸ்டர் அவசரப்படவில்லை. குளிரிலும் பயத்திலும் நாக்குக் குழறுகிறவர்களை அவர் நிறையப் பார்த்தவர். அதே கேள்வியை மெதுவாக இன்னொரு முறை கேட்டார். அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றான். நான் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கட்டும் என்று, "ஆமான்னு சொல்லிடுடா" என்றேன். மைக் என் கையில் இருப்பதை மறந்துவிட்டேன். கூடத்துக்குள் இருந்த இரண்டு ஸ்பீக்கர்களிலும், வெளியே வேப்பமரத்தில் கட்டியிருந்த மூன்றாவது ஸ்பீக்கரிலும் அது போயிற்று.

பின்வரிசையில் யாரோ சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்கள். என் மகன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் பள்ளி ஆசிரியர். பரீட்சை அறையில் வாத்தியாரே வந்து காதில் விடையைச் சொன்னால், காப்பியடிக்காத பையன் எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்தான். தோளில் இருந்த பாஸ்டரின் கையை மெல்ல எடுத்து, "சாரி பாஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் படியேறி வந்தான். துண்டு என் தோளில்தான் கிடந்தது. போர்த்தத் தோன்றவில்லை. அவன் நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வாசலைத் தாண்டினான். சிமெண்ட் தரையில் அவனுடைய ஈரக்கால் தடங்கள் ஆராதனை முடியும்வரை காயாமல் கிடந்தன.

எங்கள் கூடம் ஆண்டர்சன்பேட்டையில், ஒரு காலத்தில் சிமெண்ட் மூட்டை அடுக்கும் குடோனாக இருந்தது. பிரசங்க மேடை மரப்பலகையால் ஆனது. பலகைகளைக் கழற்றினால் கீழே தொட்டி. வருடத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் கழற்றுவோம். ஞானஸ்நான நாள் குறித்துவிட்டால் டேங்கர் சொல்லி நிரப்புவது என் பொறுப்பு. மைக்கும் துண்டும்கூட என் பொறுப்புதான். இருபது வருடங்களாக எத்தனையோ பேருக்குத் துண்டு போர்த்தியிருக்கிறேன். அன்று மூன்று பேர். வயதான ஒரு சகோதரி, கல்யாணம் நிச்சயமாகியிருந்த ஒரு பெண், கடைசியாக என் மகன். அவனைக் கடைசியில் வைக்கச் சொன்னது நான்தான். அவனுக்குப் பிறகு யாரும் இருக்கக் கூடாது, அவன் மேலே ஏறியவுடன் நான் துண்டைப் போர்த்தி அப்படியே கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தேன்.

வெளியே குடங்கள் வரிசையில் இருந்தன. இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. பேத்தமங்களா ஏரியிலிருந்து குழாய் வந்த நாள்களைப் பெரியவர்கள் இன்னும் பேசுவார்கள். இப்போது டேங்கர்தான். அப்படியிருக்க, ஒரு தொட்டித் தண்ணீரை ஞானஸ்நானம் முடிந்ததும் சாக்கடையில் விட யாருக்கு மனம் வரும்? ஆராதனை முடிந்தபின் கூடத்துக்குப் பின்னால், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் இருப்பவர்கள் குடத்தோடு வந்து மொண்டு போவார்கள். துணி துவைக்க, பாத்திரம் கழுவ. அவர்களில் எங்கள் சபையார் ஒருவரும் இல்லை. நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்து, செருப்பை வாசலில் விட்டு, மொண்டுகொண்டு போவார்கள். தொட்டிப் படி பாசி பிடித்து வழுக்கும் என்பதால் என் மகன்தான் உள்ளே இறங்கி நின்று குடம் குடமாக மொண்டு மேலே கொடுப்பான். பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்தே அது அவன் வேலை. பெரியவனாகி வேலைக்குப் போனபின், வரிசையில் காக்க வைக்காமல், தண்ணீர் தயார் என்று ஒரு மிஸ்டு கால் கொடுப்பான். யாருக்கென்றால், கோரமண்டல் ஸ்டேஷன் வாசலில் காலையில் இட்லி விற்கும் அம்மாவுக்கு. அவர் லைனில் இருப்பவர். அவருக்கு வந்தால் லைன் முழுக்க வந்த மாதிரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் நனைந்த பேண்டோடு வெளியே வந்தபோது இட்லிக்கார அம்மா வரிசையின் முன்னால் நின்றிருந்தாராம்.

"இன்னா தம்பி, முழுக்கு ஆயிடுச்சா? மொண்டுக்கலாமா?"

"இல்லக்கா. அப்பறமா கால் பண்றேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

ஆராதனை முடிந்து, பின்னறையில் பாஸ்டர் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். சிறுவயதிலேயே சுரங்கத்தில் வேலைக்குப் போனவர், அது மூடும்வரை கீழே இறங்கினவர். கைகள் இன்னும் முரடாக இருக்கும். நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"தண்ணிய விட்றாதீங்க பிரதர்" என்றார். "அடுத்த ஞாயிறு வருவான். விசுவாசத்தோட வெச்சிருங்க. நானே எறக்கறேன்."

அவர் என்னைத் தேற்றத்தான் சொன்னார். நான் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டேன். வெளியே போய், இன்றைக்குத் தண்ணீர் கிடையாது என்று வரிசையில் சொன்னேன். பலகைகளை நானே திருப்பிப் பொருத்தினேன். கூடத்துச் சாவி என்னிடம்தான் இருக்கும்.

வீட்டில் என் மனைவி விடியற்காலையில் எழுந்து பிரியாணி வைத்திருந்தாள். பங்காருப்பேட்டையிலிருந்து அவளுடைய அக்கா குடும்பமும், நான் வேலை செய்யும் பள்ளியிலிருந்து இரண்டு பேரும் வருவதாக இருந்தது. யாரும் வரவில்லை. அண்டா மூடி திறக்காமல் இருந்தது. மகன் உடை மாற்றிக்கொண்டு மாலை ரயிலுக்குக் கிளம்பினான். வழக்கமாக அவன் தினமும் பெங்களூரு போய் வருகிறவன். அன்று பெரிய பையை எடுத்துக்கொண்டான்.

"ஃபிரெண்டு ரூம்ல கொஞ்ச நாள் இருக்கேன் மம்மி. காலைல ஷிஃப்ட்டு" என்றான்.

"சாப்ட்டு போடா."

"பசிக்கல."

அவனிடம் கேட்க நினைத்ததையெல்லாம் அவன் போன பிறகு என் மனைவியிடம் கேட்டேன். இவனுக்கு என்ன குறை வைத்தோம், ஞாயிறு பள்ளிக்கு அனுப்பவில்லையா, வீட்டில் ஜெபம் இல்லையா, சபைக்கு முன்னால் இப்படி நிற்க வைத்துவிட்டானே என்று. அவள் அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டே சொன்னாள்:

"ஆமான்னு சொல்லியிருந்தா இந்நேரம் எல்லாரும் உக்காந்து சாப்ட்டுக்கிட்டு இருப்போம். வேற இன்னா வித்தியாசம் இருந்திருக்கும்?"

எனக்கு அவள்மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல. வித்தியாசம் இல்லையா? என் வாழ்க்கையே அந்த வித்தியாசத்தின்மேல்தானே நிற்கிறது?

எங்கள் சபையில் ஞானஸ்நானம் பெறாதவர்கள் அப்பத்திலும் ரசத்திலும் பங்கு பெற முடியாது. மாதத்தின் முதல் ஞாயிறு தட்டு வரிசையில் கைமாறி வரும். சிறுவயதிலிருந்து என் மகன் அந்தத் தட்டை என்னிடமிருந்து வாங்கி, தான் எடுக்காமல், அடுத்தவருக்குக் கொடுப்பான். மிகக் கவனமாக, ஒரு துண்டுகூடச் சிந்தாமல். ஒவ்வொரு மாதமும் அதைப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் அந்தக் கை ஒரு துண்டை எடுக்கும், அதை நான் பக்கத்தில் இருந்து பார்ப்பேன் என்பதுதான் ஆண்டவரிடம் நான் விடாமல் கேட்ட ஒன்று. வேலைக்கு, வீட்டுக்கு, உடம்புக்கெல்லாம் ஜெபித்திருக்கிறேன். ஆனால் அவையெல்லாம் பேச்சு. இது ஒன்றுதான் நான் உண்மையில் கேட்டது.

வெளியாருக்கு இது புரியாமல் போகலாம். சபையார் என்ன நினைப்பார்கள் என்ற வெட்கம் எனக்கு இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த வெட்கம் இரண்டு நாளில் அடங்கிவிட்டது. அடங்காதது வேறு. நான் நம்புகிறவன். மரணத்துக்குப் பின் ஒரு இடம் உண்டு என்றும், அங்கே போகிறவர்களும் போகாதவர்களும் உண்டு என்றும் நம்புகிறேன். அப்படி நம்புகிற ஒரு தகப்பனுக்கு, தன் பிள்ளை தண்ணீரிலிருந்து நனையாத தலையோடு ஏறிப் போவதைப் பார்ப்பது எப்படியிருக்கும்? பாதையில் லாரி வருவது எனக்குத் தெரிகிறது. அவனுக்குத் தெரியவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. அப்படித்தான் இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

ஞானஸ்நான வகுப்பை எடுப்பதும் நான்தான். எட்டு வாரம், ஞாயிறு மாலைகளில். பாஸ்டர் வரச் சொல்கிறவர்களுக்கு விசுவாசம் என்றால் என்ன, மனந்திரும்புதல் என்றால் என்ன, சபைக்கு நம்மை ஒப்புக்கொடுப்பது என்றால் என்ன என்று சொல்லிக்கொடுப்பேன். கடைசி வகுப்பில் எப்போதும் ஒன்று சொல்லி முடிப்பேன். அப்பா அம்மாவுக்காக இறங்காதீங்க. கல்யாணத்துக்காக இறங்காதீங்க. உள்ளே உண்மையாக இருந்தால் மட்டும் ஆமாம் என்று சொல்லுங்க, இல்லாவிட்டால் ஆண்டவர் முன்னால் வாயைத் திறக்காதீங்க. இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். இத்தனை வருடத்தில் ஒருவரும் அதைக் கேட்டுவிட்டு இறங்காமல் நின்றதில்லை. நிற்பார்கள் என்று நானும் நினைத்ததில்லை. இந்த முறை அவன் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டான். அவன் தலையாட்டினானா என்று ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன். ஞாபகம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. பாஸ்டர் மேடையில் நின்று பிரசங்கம் செய்தார். அவர் நடக்கும்போது பலகைக்கு அடியில் தண்ணீர் லேசாக அசைகிற சத்தம் கேட்டது. மற்றவர்களுக்குக் கேட்டதா என்று தெரியாது. எனக்கு அவர் பேசினது ஒன்றும் காதில் ஏறவில்லை.

மாலையில் ரயில் வரும் நேரத்துக்குக் கோரமண்டல் ஸ்டேஷனுக்குப் போக ஆரம்பித்தேன். பள்ளி முடிந்து நேரே போவேன். ரயில் வந்தால் பாதி ஊர் இறங்கும். முதுகில் பை, காதில் ஒயர், தூங்கி விழித்த முகம். எல்லாப் பையன்களும் முதலில் அவனைப் போலவே இருப்பார்கள். பிறகு ஒருவனும் அவனாக இருக்க மாட்டான். அவனோடு படித்த பையன் ஒருவன் என்னைப் பார்த்துவிட்டு, "அவன் வரல அங்கிள். அவன் சொந்தமா சமைக்கக் கத்துக்குனு கீறான், அவன் ரூம்மேட்டுக்குத்தான் வயித்துவலி" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் சமைக்கிறான் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

என் போனை அவன் எடுப்பதில்லை. 'நல்லா இருக்கேன்' என்று செய்தி மட்டும் அனுப்புவான். ஒருநாள் எடுத்தான்.

"சாப்ட்டியா?" என்றேன்.

"சாப்ட்டேன் டாடி. மம்மி?"

"உபவாசத்துல கீறா. உனக்காகத்தான்."

"வேணாம்னு சொல்லுங்க. அவங்களுக்கு அல்சர் இருக்கு."

"நீ இல்லன்னு சொன்னா நாங்க சாப்டாமத்தான் இருக்கணும்."

"நான் இல்லன்னு சொல்லல டாடி. தெரியலன்னு சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்ல." பின்னால் ரோட்டுச் சத்தம் கேட்டது. "நீங்களே கிளாஸ்ல சொன்னீங்க."

பேச்சை மாற்றுவதற்காக, "ஞாயித்துக்கெழம வா. தண்ணிய அப்படியே வெச்சிருக்கோம்" என்றேன்.

"இன்னும் விடலயா?" என்று கேட்டான். குரல் மாறிவிட்டது. "லைன்ல இந்த வாரம் தண்ணி வந்துச்சா?"

எனக்கு எரிச்சலாக வந்தது. "நான் இன்னா பேசறேன், நீ இன்னா பேசற?"

"ஒண்ணுமில்ல டாடி. வெக்கறேன்" என்று வைத்துவிட்டான்.

லைனில் தண்ணீர் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். குழாயில் காற்றுதான் வந்தது. டேங்கர்காரன் பெரிய தெருவுக்குத்தான் வருவான், சந்துக்குள் வண்டி நுழையாது. மறுநாள் நான் கூடத்தைத் திறக்கும்போது இட்லிக்கார அம்மா கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் குடம் இல்லை. கேள்வி கேட்பதற்காக மட்டும் வந்திருந்தார்.

"சார், ஒண்ணு கேட்டா கோச்சிக்காதீங்க. அந்தத் தண்ணி எதுக்கு?"

"அது வேண்டியிருக்கும்மா."

"யாருக்கு? உங்க புள்ளைக்கா? அதான் வேணாம்னு ஏறிப் போச்சே. நாங்க ஸ்பீக்கர்ல கேட்டோமே."

"வருவான்."

"வரட்டும் சார், நல்லா இருக்கட்டும். எங்க புள்ளைங்க யூனிஃபார்மு எதுல தோய்க்கறது? ஒரு வாரமா ஒரே சட்டைய போட்டுக்குனு போதுங்க. டீச்சரு வெளிய நிக்க வெக்கறாங்க. நீங்களும் வாத்தியாருதான, சொல்லுங்க."

"மொண்டுக்கிட்டுப் போங்க" என்று சொல்லியிருக்கலாம். அவர் தண்ணீர் கேட்கவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவர் அதைக் கேட்கத்தான் இல்லை. "தம்பி கால் பண்றேன்னு சொல்லிச்சு. அது கூப்புடாம நாங்க வரமாட்டோம். அதுக்குன்னு ஒரு மொறை கீது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தத் தண்ணீரை விட்டுவிட்டால் அவன் வரமாட்டான் என்று எனக்கு ஏன் தோன்றியது என்று இப்போது விளக்க முடியவில்லை. நான் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறவன். தண்ணீர் தண்ணீர்தான், அதில் வேறெதுவும் இல்லை என்று எங்கள் உபதேசமே சொல்கிறது. ஆனாலும் தினமும் போய் இரண்டு பலகையைத் தூக்கிப் பார்ப்பேன். முதலில் தெளிவாக, படிகள் தெரியும்படி இருந்தது. மார்ச் காற்று அடித்தபோது சுரங்கக் கழிவைக் கொட்டிய டம்ப் மேட்டிலிருந்து சாம்பல் நிற மண் பறந்து வந்து கூரைத் தகட்டு இடுக்குகள் வழியாக இறங்கியது. மேலே ஆடைபோலப் படிந்தது. பிறகு வாடை. பிறகு புழு, நெளிந்து நெளிந்து மேலே வந்து போகும் கொசுப்புழு. ஜெபிப்பதற்காக முழங்கால் போட்டால் முகத்துக்கு நேரே அதுதான் தெரியும்.

பாஸ்டர் ஒரு மாலை வந்து பார்த்தார். டார்ச் அடித்தார்.

"பிரதர், டெங்கு பாக்கற பொண்ணு நேத்து வந்து எழுதிட்டுப் போயிருக்கு. விட்றலாம்."

"நீங்கதான் வெச்சிருக்கச் சொன்னீங்க."

"சொன்னேன். தப்பா சொல்லிட்டேன்." மேடையின் விளிம்பில் உட்கார்ந்தார். "மொத நாள் நான் ஷாஃப்ட்ல எறங்கறப்போ எங்கப்பா கீழ எறக்கற கேஜ் வரைக்கும் வந்தாரு. எனக்குப் பயம். ஓடிடலாமான்னு கீது. அவரு ஒண்ணும் சொல்லல. தள்ளவும் இல்ல, புடிச்சி இழுக்கவும் இல்ல. சும்மா நின்னாரு."

"நீங்க எறங்கினீங்க இல்ல பாஸ்டர்."

"எறங்கினேன்" என்றார். பிறகு, "என் தம்பி எறங்கல. ஓடிட்டான். அவனுக்கும் அதேமாதிரிதான் நின்னாரு" என்றார்.

அது எனக்கு ஆறுதலாக இல்லை. முதல் ஞாயிறு கழிந்து வரும் சனிக்கிழமை மாலைவரை தண்ணீர் இருக்கட்டும், அதற்குமேல் நான் கேட்கமாட்டேன் என்று கெஞ்சினேன். ஒத்துக்கொண்டார்.

அந்த வாரத்தில் என் சொந்த ஞானஸ்நானம் அடிக்கடி ஞாபகம் வந்தது. அப்போது கூடத்தில் தொட்டி கிடையாது. பேத்தமங்களா ஏரிக்கு வேனில் அழைத்துப் போனார்கள். என் வீட்டில் ஆண்டவரை ஏற்றுக்கொண்டது நான் ஒருவன்தான். என் அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்த குடும்பத்தில் பிறந்தவர். வருடம் தவறாமல் கூழ் ஊற்றுகிறவர். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஷிஃப்ட் முடிந்து தூங்காமல் சைக்கிளில் அவ்வளவு தூரம் வந்து, கரையில் ஒரு பக்கமாக நின்றார். என்னிடம் கேள்வி கேட்டதும் நான் ஆமாம் என்று கத்தியதும் ஞாபகம் இருக்கிறது. யோசித்தேனா என்றால் இல்லை. யோசிக்க வேண்டிய இடமாகவே அது எனக்குப் படவில்லை, மனம் அவ்வளவு நிறைந்திருந்தது. மேலே ஏறி வந்தபோது அப்பா தன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கொடுத்தார். "தலைய தொட, சளி புடிக்கும்" என்றார். அவருக்கு நான் போகிற வழி பிடிக்கவில்லை. சாகும்வரை பிடிக்கவில்லை. அவர் எங்கே இருக்கிறார் என்று நினைப்பதை நான் பல வருடங்களாகத் தவிர்த்து வந்திருக்கிறேன்.

முதல் ஞாயிறு வந்துபோனது. தட்டு என் கைக்கு வந்தது. பக்கத்து நாற்காலி காலி. அதைத் தாண்டிக் கையை நீட்டி அடுத்தவருக்குக் கொடுக்கும்போது ஒரு துண்டு அப்பம் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தேன். அன்று நான் எடுக்கவேண்டிய துண்டு அதுதான் என்று எடுத்துக்கொண்டேன். வாயில் மண் தட்டுப்பட்டது. ஆண்டவருடைய பந்தியில் உட்கார்ந்துகொண்டு நான் எதையும் நம்பாதவனைப் போல இருந்தேன். நம்பிக்கை இல்லாமல் போகவில்லை. அவர் இருக்கிறார், கேட்கிறார், ஆனால் எனக்குத் தரமாட்டார் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது போல இருந்தது. அது அவிசுவாசத்தைவிட மோசமானது என்று நினைக்கிறேன். இருக்கிற ஒருவர் பேசாமல் இருப்பதுதான் தாங்க முடியாதது.

அதற்கடுத்த சனிக்கிழமை பாஸ்டரிடம் நான் கேட்டு வாங்கிய கெடு. பள்ளி அரை நாள்தான். மத்தியானமே கூடத்துக்குப் போனேன். வீட்டிலிருந்து டீ வடிகட்டியும் ஒரு வெள்ளைத் துணியும் கொண்டு போயிருந்தேன். என் மனைவி பார்த்தாள், எதற்கு என்று கேட்கவில்லை. மேடைப் பலகைகள் எல்லாவற்றையும் கழற்றி அடுக்கினேன். முதல் படியில் உட்கார்ந்து, மேலே மிதந்த மண்ணைத் துணியால் ஒதுக்கி, புழுக்களை வடிகட்டியால் அள்ளி ஒரு டப்பாவில் போட்டேன். ஒரு பக்கம் அள்ளினால் மறுபக்கம் வந்தது. அவன் வந்தால் இந்தத் தண்ணீரில் எப்படி இறங்குவான் என்ற கவலை எனக்கு. முந்தின நாளே செய்தி அனுப்பியிருந்தேன்: 'நாளை சாயந்தரம் தண்ணீரை விட்டுவிடுவோம்.' அவன் பார்த்துவிட்டான் என்பதற்கு அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.

ரயில் வரும் நேரம் ஆயிற்று. தூரத்தில் அதன் சத்தம் கேட்டது. ஸ்டேஷனிலிருந்து நடந்து வர எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டேன். துண்டை எடுத்து மடித்து நாற்காலியின்மேல் வைத்தேன். அன்று பயன்படாத அதே துண்டு, துவைத்து இஸ்திரி போட்டிருந்தது. மறுபடி படியில் உட்கார்ந்து வடிகட்ட ஆரம்பித்தேன். எதிரே கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பார்க்கக்கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டே இருந்தேன்.

கம்பிக்கதவு கிறீச்சிட்டது. செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. நான் வடிகட்டியும் கையுமாக எழுந்து நின்றேன். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

உள்ளே வந்தது இட்லிக்கார அம்மா. இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். பின்னால் வாசல் வெளிச்சத்தில் லைன் வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் நின்றார்கள். அவர்களும் குடங்களோடுதான் வந்திருந்தார்கள்.

"தம்பி மிஸ்டு கால் குடுத்துச்சு சார்" என்றார்.

நான் அவர் தோளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தேன். அவரே தொடர்ந்தார். "நான் திருப்பிப் போட்டேன். எடுத்துச்சு. 'தண்ணி ரெடிக்கா, போங்க'ன்னுச்சு."

"வரானாமா?"

"அத கேட்டேன் சார். ஒண்ணும் சொல்லல." குடத்தைத் தரையில் வைத்துவிட்டுத் தொட்டியை எட்டிப் பார்த்தார். என் கையில் இருந்த வடிகட்டியையும் பார்த்தார். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டார்.

"குடிக்க எடுக்காதீங்க, துணிக்கு மட்டும் வெச்சிக்கோங்கன்னுச்சு. அப்பறம், 'படி வழுக்கும், நீங்க யாரும் எறங்காதீங்கக்கா, டாடி அங்கதான் இருப்பாரு, அவர எறங்கி மொண்டு குடுக்கச் சொல்லுங்க'ன்னுச்சு."